மல்லாந்து இறங்கிய மன்னர்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை மானவேந்தன் என்ற ராஜா ஆண்டு வந்தார். கடல் கடந்து வந்த வணிகர்கள் அவருக்கு ஒரு பட்டுப் பலூனைப் பரிசளித்தார்கள். நெருப்பு மூட்டினால் சூடான காற்று நிரம்பி, கூடையோடு வானில் ஏறும். அதை ஓட்டக் கற்றவன் அரண்மனை விகடகவி கூத்தபிரான் ஒருவன்தான்.

ஆடி மாதம். அம்மியையும் பறக்கவைக்கும் காற்று. அன்று பார்த்து ராஜாவுக்குப் பறக்க ஆசை வந்துவிட்டது.

“காற்று தணியட்டும், அரசே. ஏறுவது எளிது. இறங்கும்போது கூடை சாயும். முழங்காலை மடக்கி உட்கார வேண்டியிருக்கும்” என்றான் கூத்தபிரான்.

அவன் புகழைக் கண்டு நெடுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த தளவாய் சடையப்பர் குறுக்கே புகுந்தார். “மாமன்னர் மண்டியிடுவதா? பிரபு, தாங்கள் யாருக்கும் பணிந்ததில்லை. இவன் தங்களைப் பணிய வைத்தால் இவன் தலை உருளவேண்டும்!”

“அப்படியே ஆகட்டும்!” என்று ராஜா மீசையை முறுக்கினார்.

மூவரும் ஏறினார்கள். காற்று பலூனை விரட்டோ விரட்டென்று விரட்டியது. மரமும் மதிலும் இல்லாத ஒரு தரிசு நிலத்தைத் தேடிப் பிடித்து, கூத்தபிரான் பலூனைத் தாழ்த்தினான்.

“அரசே, நிற்பவன் சேவகன், அமர்ந்திருப்பவரே அரசர். போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமருங்கள். கயிற்றை இறுகப் பற்றுங்கள். நான் சொல்லும்வரை எழ வேண்டாம்!”

ராஜா அமர்ந்தார். “வீரன் உட்காரமாட்டான்” என்று தளவாய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

கூத்தபிரான் பலூனின் உச்சியைத் திறக்கும் கயிற்றை இழுத்தான். சூடான காற்று வெளியேறியது. கூடை தரையில் மோதிச் சாய்ந்து, கொஞ்ச தூரம் இழுபட்டு நின்றது. ராஜா உள்ளே மல்லாந்து கிடந்தார். மேனியில் ஒரு கீறல் இல்லை. தளவாயோ வெளியே பறந்துபோய்க் குப்புற விழுந்தார்.

வாயிலிருந்த புழுதியைத் துப்பிவிட்டு அவர் கத்தினார்: “மாமன்னரை மண்ணில் கிடத்திவிட்டான்! எடுங்கள் வாளை, பிரபு!”

ராஜாவின் முகம் சிவந்தது. “என்ன சொல்கிறீர், கூத்தபிரான்?”

கூத்தபிரான் தலை குனியவில்லை. “பணிகிறவன் தரையைப் பார்த்து விழுவான், அரசே. தாங்கள் வானத்தையல்லவா பார்த்திருந்தீர்கள்? அது பெருமாள் பள்ளிகொள்ளும் கோலம்! நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கியவர் நம் தளவாய்தான்.”

ராஜா கிரீடம் கழன்று உருளும்படி சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவனுக்குச் சூட்டி, “இன்னும் என்ன வேண்டும், கேளும்!” என்றார்.

“எந்த நாளில் பறக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு வேண்டும்.”

“தந்தேன்!”

“அப்படியானால் மார்கழி வரை வேண்டாம், அரசே.”

ராஜாவின் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, கழுத்தில் தலையும் முத்துமாலையுமாக நிமிர்ந்து நடந்தவன் அந்த நாட்டிலேயே அவன் ஒருவன்தான்.