ஐந்து எழுத்து கேட்டார், நாற்பது கிடைத்தது

கொன்றையூர் சமஸ்தானத்தை ஆண்ட வீரகேசவ ராஜா நல்ல மனிதர்தான். ஒன்றில் இறங்கிவிட்டால் மட்டும் மற்றதெல்லாம் அவருக்கு மறந்துபோகும். ஒரு வருஷம் புறா வளர்த்தார். அந்த வருஷம் முழுக்க மந்திரிகள் தானியம் தூவிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவரைப் பிடித்துக்கொண்டது இங்கிலீஷ்.

ஞானாதிக்கம் என்ற வாத்தியாரை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தார். இருபத்தாறு எழுத்தும் தலைகீழாக வந்தன. வார்த்தைகள்தான் வரவில்லை. அதை ராஜாவிடம் போய் யார் சொல்வது? போதாக்குறைக்கு, சமஸ்தானத்து உத்தரவுகளை எல்லாம் இனி இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று சட்டமும் போட்டுவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து வேட்டைக்கு வந்த ஒரு துரை, அவருக்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். நாலைந்து எழுத்துகளைச் சொல்வார்கள். அவை எல்லாம் அடங்கிய ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். வார்த்தை எவ்வளவு நீளமோ அவ்வளவு பெருமை. ராஜாவுக்குக் கேட்கவா வேண்டும்? யாராவது ஒரு வார்த்தையைத் தாளில் எழுதி நீட்டினால், சிவப்புப் பென்சிலை எடுத்துக் கேட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுழிப்பார். எல்லாம் இருந்தால் கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்து, எழுதியவரிடமே கொடுத்துவிடுவார். அரண்மனைச் சமையல்காரர்கூட, மிளகுத்தண்ணியை வெள்ளைக்காரர்கள் எழுதுகிறபடி எழுதிக் காட்டி ஒரு முத்திரை வாங்கி வீட்டில் மாட்டிவிட்டார்.

துரை ஊருக்குக் கிளம்பும்போது சும்மா கிளம்பவில்லை. ஜே, வி, க்யூ, கே, எஃப் என்று ஐந்து எழுத்தைச் சொல்லி, ஐந்தும் உள்ள வார்த்தையைத் தபாலில் அனுப்பும்படி கேட்டுவிட்டுப் போனார். அதோடு ராஜ்யம் படுத்துவிட்டது. வார்த்தை கிடைக்கும்வரை வேறு எந்தக் காகிதத்தையும் தொடமாட்டேன் என்றுவிட்டார் ராஜா. சபையில் இருந்தவர்கள் அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கண் வீங்கியதுதான் மிச்சம்.

இதற்கிடையில் வஞ்சிக்காட்டு விவசாயிகள் பத்துப் பேர் ஒன்பது நாளாக அரண்மனை வாசலில் காத்துக் கிடந்தார்கள். நெல் கதிர் விடுகிற நேரம். வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஆற்று மடையைத் திறக்க ராஜாவின் கையெழுத்து வேண்டும். மூன்று நாளில் தண்ணீர் வராவிட்டால் பயிரை மாட்டுக்குத்தான் அறுத்துப் போட வேண்டும்.

ராஜாவின் சபையில் தாண்டவராயர் என்று ஒருவர் இருந்தார். எவ்வளவு சிக்கலான காரியத்தையும் சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார். அவர் போய் மடையைப் பற்றி மெதுவாகப் பேச்செடுத்தார்.

"முதலில் வார்த்தை, பிறகு மடை," என்றார் ராஜா, அகராதியிலிருந்து தலையைத் தூக்காமலே.

தாண்டவராயர் வாசலுக்கு வந்து, விவசாயிகளில் மூத்தவரான மாசாணமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"எங்க பயிருக்கு இங்கிலீசு தெரியாதுங்க சாமி," என்றார் மாசாணமுத்து. "தண்ணியத்தான் கேக்குது."

தாண்டவராயருக்கு வெட்கமாக இருந்தது. நேரே ஞானாதிக்கம் வாத்தியார் வீட்டுக்குப் போனார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள்.

மறுநாள் காலை சபை கூடியதும் தாண்டவராயர் ஒரு தாளை ராஜாவிடம் நீட்டினார். தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பெரிய எழுத்தில், இடைவெளியே இல்லாமல் ஒரே ஒரு வரி. ராஜாவின் கண் விரிந்தது. பென்சிலை எடுத்தார். தொடக்கத்திலேயே வி கிடைத்தது, ஜே கிடைத்தது, கே கிடைத்தது. நடுவில் க்யூ. கொஞ்சம் தள்ளி எஃப். பிறகு விரலை வைத்து மொத்தத்தையும் எண்ணினார். நாற்பது எழுத்து.

அவருக்கே லேசாகச் சந்தேகம் வந்து, வாத்தியாரைப் பார்த்தார். "அகராதியில் இருக்கிறதா, வாத்தியாரே?"

"இவ்வளவு நீளமான வார்த்தையை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை, மகாராஜா," என்றார் ஞானாதிக்கம். வாத்தியார் பொய் சொல்லமாட்டார்.

அகராதிக்காரனையே ஜெயித்துவிட்டோம் என்று ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. துரைக்கு அனுப்ப வார்த்தையை வேறொரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு, சரக்கென்று கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஓங்கி வைத்தார். தாளை வாங்கிய தாண்டவராயர் வாசலுக்கு வந்து அதை மாசாணமுத்துவின் கையில் கொடுத்து, வாய்க்கால் ஓவர்சீயரிடம் ஓடச் சொன்னார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: வஞ்சிக்காட்டு மடையைச் சீக்கிரம் திறந்து பதினைந்து நாள் விடவும். அதை இங்கிலீஷில் எழுதி, வார்த்தைக்கு வார்த்தை இடம் விடாமல் ஒட்டிவிட்டார்கள். ஓவர்சீயர் இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். கையெழுத்து ராஜாவுடையது, முத்திரையும் சரி. ஆனால் இந்தச் சிவப்புச் சுழிகள் எதற்கு? ராஜா பயங்கரக் கோபத்தில் இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தவர், செருப்பைக்கூடப் போடாமல் மடைக்கு ஓடினார்.

மூன்றாம் நாள் ராஜா துரைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வார்த்தையை மட்டும் அனுப்பினால் மதிப்பாக இருக்காது, அர்த்தத்தையும் சேர்த்து எழுதலாம் என்று தோன்றியது. தாண்டவராயரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அன்றைக்குக் கேட்க மறந்துவிட்டேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன?"

தாண்டவராயர் கை கட்டி நின்றார். "அர்த்தம் இந்நேரம் வஞ்சிக்காட்டு வயலில் கணுக்கால் அளவு நிற்கும், மகாராஜா."

ராஜா வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கூரையைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாற்பது எழுத்தையும் பிரித்துப் பிரித்துச் சொன்னார். ராஜாவின் மீசை முதலில் துடித்தது. அடுத்து வயிறு குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றித் தாண்டவராயரிடம் நீட்டினார்.

"பதினைந்து நாள் தண்ணீர் போதுமாமா?" என்று கேட்டார்.

"இன்னும் ஐந்து நாள் இருந்தால் நல்லது என்கிறார்கள்."

"சரி, எழுதிக்கொண்டு வாரும். ஆனால் தமிழில் எழுதும். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுகிறேன்."