தங்காயி தனியாக நெய்த பிள்ளை

கருமுட்டைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் சினைப்பைக்குள் தங்காயி என்றொரு கருமுட்டை இருந்தாள். பிள்ளை வேண்டும். அது ஒன்றுதான் அவள் நினைப்பு.

அங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொருத்தி கையிலும் இரட்டை நூல். அழைப்பு வந்தால் வெளியே போக வேண்டும். தகப்பன் வந்ததும் தன் நூலில் ஒன்றை வீசிவிட்டு, அவன் கொண்டுவரும் நூலைச் சேர்த்து நெய்ய வேண்டும். தாய் நூல் பிள்ளைக்கு உடம்பு கட்டும். தகப்பன் நூல் அது தங்குவதற்குக் கூடு கட்டும், தொப்புள்கொடி கட்டும்.

போன அக்காமாரில் ஒருத்தியும் திரும்பவில்லை. தகப்பன் வராமலே கரைந்துபோனார்களாம்.

"நான் போகமாட்டேன்க்கா" என்றாள் தங்காயி, பக்கத்தில் இருந்த மூத்தவள் வெள்ளச்சியிடம். "எங்கிட்டயே ரெண்டு நூல் இருக்கு. ஒண்ணை எதுக்கு வீசணும்?"

"அடி கூறுகெட்டவளே, ரெண்டும் உன் நூல்டி. அவன் நூல் வேற."

"நூல்ல என்ன வேற? வராத ஆளுக்கு எத்தனை நாள் வாசலைப் பாக்கிறது?"

"பொறுத்திருடி."

"பொறுத்தவளுக எல்லாம் என்ன ஆனாளுக? நீயே சொல்லு."



தங்காயி இரண்டையும் சேர்த்து முறுக்கினாள். உட்கார்ந்த இடத்திலேயே நெய்யத் தொடங்கினாள்.

முதலில் முடி வந்தது. கறுகறுவென்று, சுருட்டையாக.

"அக்கா, எம்பிள்ளை முடியைப் பாரேன்!"

பிறகு ஒரு பல். "பிறக்கும்போதே பல்லு. கடிச்சு வைக்கப்போகுது உன்னை" என்று சிரித்தாள் வெள்ளச்சி. பிறகு துண்டு எலும்பு, கொஞ்சம் கொழுப்பு.

முகம் வரவில்லை.

கூடு இல்லை, கொடி இல்லை. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை. பல் இருந்தது, வாய் இல்லை. முடி இருந்தது, தலை இல்லை. பிரித்துப் பார்த்தாள். நூல் இறுகிப்போயிருந்தது. அது பாட்டுக்கு வளர்ந்தது.

"கண்ணு, அம்மாடா. ஒரு தடவை அசைஞ்சு காட்டுடா."

அசையவில்லை.

வெள்ளச்சி திட்டவில்லை. அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. "வரேன்டி" என்று கிளம்பினாள். அவளும் திரும்பவில்லை.

அன்று முதல்தான் சில பெண்களின் சினைப்பையில், ஆணின் துணையே இல்லாமல், முடியும் பல்லுமாக ஒரு கட்டி விளைகிறது. அறுத்தெடுத்துத் தட்டில் போடுகிறார்கள். அதைப் பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை.