ஒரு பிடி உப்போட இறங்குன தோணி

ஒரு ஊர்ல ஒரு ஓடாவி இருந்தாரு. ஓடாவின்னா தோணி கட்டுற தச்சர். பேரு எஸ்தாக்கி. நீ ம் சொல்லணும், அப்பத்தான் முழிச்சிருக்கன்னு எனக்குத் தெரியும்.

ம்.

எஸ்தாக்கி எழுபத்திரெண்டு தோணி கட்டினவரு. எல்லாமே சரக்குத் தோணி. உப்பு, ஓடு, வெங்காயம்னு வயிறு முட்ட ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போற தோணி. ஒண்ணுகூடக் கவுந்தது இல்ல. அதனால அவருக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

அதே ஊர்ல பிலோமின்னு ஒருத்தி இருந்தா. கிழிஞ்ச வலையெல்லாம் பொத்திக் குடுக்குறது அவ வேலை. அப்பா கூடக் கடலுக்குப் போனவ, பாய் பிடிக்கவும் தெரியும். அவளுக்கு ஒரே தங்கச்சி, தெக்ளா. தெக்ளாவைக் கட்டிக் குடுத்தது பன்னெண்டு நாள் கடல் தாண்டி ஒரு குட்டித் தீவுல. அவ இப்போ மாசமா இருந்தா. அம்மா இல்லாத பிள்ளைங்க. அதனால, தலைப்பிரசவத்துக்கு நான் வந்து பக்கத்துல நிப்பேன்னு பிலோமி வாக்குக் குடுத்திருந்தா.

அப்போ அவ ஒவ்வொரு தோணிக்காரர்கிட்டயும் போய்க் கேட்டா. அந்தத் தீவுல விக்கவும் ஒண்ணுமில்ல, வாங்கவும் ஒண்ணுமில்ல, அங்க எதுக்குப் போகணும்னு எல்லாரும் கையை விரிச்சிட்டாங்க. அப்புறம் அவ நேரா எஸ்தாக்கிகிட்ட போனா. நானே போறேன், எனக்கு ஒரு தோணி கட்டிக் குடுங்கன்னா. தீவுப் பக்கம் தள்ளுறது வாடைக்காத்து. அது மாசி வரைக்கும்தான் அடிக்கும். குழந்தை பொறக்கப் போறதும் மாசியில. விட்டா அடுத்த வருசம்தான்.

எஸ்தாக்கி சரின்னாரு. முதல்ல ஏராக்கட்டை போட்டாரு. அது தோணிக்கு முதுகெலும்பு. அப்புறம் விலா எலும்பு மாதிரி வளைஞ்ச கட்டைங்க. அதுமேல பலகை. டொக்கு டொக்கு டொக்குன்னு ஆணி. பலகைக்கு நடுவுல பஞ்சை அடைச்சு, குங்கிலியத்தை எண்ணெயில காச்சிப் பூசினாரு. கடைசியா நெட்டையா ஒரு பாய்மரம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். புதுத் தோணியை வெறுமனே தண்ணியில இறக்க மாட்டாங்க. முதலாளி நாப்பது மூட்டை உப்பு ஏத்திக் குடுப்பாரு, அப்புறம்தான் இறக்குவாங்க. ஏன்னு கேட்டா, ராசின்னு சொல்வாங்க. பிலோமிக்கு ஏது முதலாளி? வழக்கமும் விடக் கூடாதேன்னு ஒரு பிடி உப்பை உள்ள தூவிட்டு, ஏலேலோன்னு தள்ளினாங்க.

தள்ளினதும் தோணி சர்ருன்னு இறங்குச்சு. ஒரு நிமிசம் நின்னுச்சு. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா சாஞ்சு, தொபுக்குன்னு தண்ணியில படுத்திடுச்சு.

ஏன் படுத்துச்சு?

அதான் எஸ்தாக்கிக்கும் புரியல. எழுபத்திரெண்டு நின்னுச்சே, எழுபத்திமூணாவது ஏன் படுக்குதுன்னு மணல்ல உக்காந்து தலையைச் சொறிஞ்சாரு. ஓடாவியாரே, தோணிக்குத் தூக்கம் வருதோன்னு ஒருத்தர் கேலி பண்ணிட்டுப் போனாரு.

எஸ்தாக்கி யோசிச்சாரு. மரம் ரொம்ப நெட்டை, அதான் இழுக்குதுன்னு அதைப் பாதியா வெட்டிட்டாரு. கரக் கரக்குன்னு அறுத்து, சின்னப் பாய் கட்டி விட்டாங்க. இப்போ தோணி நின்னுச்சு. ஆனா நகரல. பக்கத்துல நீச்சல் அடிச்ச வாத்து ஒண்ணு அதை முந்திக்கிட்டுப் போயிடுச்சு. இந்த வேகத்துல போனா அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் போய்ச் சேருவேன்னா பிலோமி.

ம்.

அப்புறம் அவ ஒரு கேள்வி கேட்டா. "ஓடாவியாரே, உங்க எழுபத்திரெண்டு தோணியில ஒண்ணாவது சரக்கு இல்லாம கடல்ல இறங்கியிருக்கா?"

எஸ்தாக்கி கையில இருந்த உளியைக் கீழ வச்சாரு. "இல்ல ஏளா"ன்னாரு. "நான் கட்டின தோணி நின்னுச்சுன்னு நெனச்சேன். உப்புதான் அதை நிக்க வச்சிருக்கு."

அப்போ திரும்பப் புதுசா ஒரு நெட்டை மரத்தை நட்டு, ஊர்ல கடனா வாங்கி அடியில நாப்பது மூட்டை உப்பை அடுக்கினாங்க. தோணி ஜம்முன்னு நின்னுச்சு, காத்துல விர்ருன்னு பறந்துச்சு. பிலோமி மூணு நாள் ஓட்டிப் பாத்தா. மரத்தோணின்னா அடியில தண்ணி கசியத்தான் செய்யும், இறைச்சுக்கிட்டே இருக்கணும். அக்கரைக்குன்னா ஒரே நாள், உப்பு தாங்கும். மூணாம் நாள் பாத்தா சாக்கு மட்டும் கிடக்கு. உப்பைக் காணோம். கரைஞ்சு, இறைச்ச தண்ணியோடயே போயிடுச்சு. தோணி ஆடி ஆடித்தான் கரைக்கு வந்துச்சு.

சரி, கரையாத சரக்கு போடுவோம்னு கல்லு போட்டாங்க. அது கரையல. ஆனா பெரிய அலை ஒண்ணு தூக்குனதும் கடகடகடன்னு எல்லாக் கல்லும் ஒரே பக்கம் உருண்டு, அந்தப் பக்கமே தோணியை அமுக்கிடுச்சு. பிலோமி நீந்தித்தான் வந்தா. தோணியை ஊர்க்காரங்க கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தாங்க. இன்னும் வாடைக்காத்து இருக்கப் போறது இருபது நாளோ என்னவோ.

அன்னிக்கு அவ அழுதா. ஆனா அழுதுக்கிட்டே கை வேலையைப் பாத்துச்சு, ஒரு வலையைப் பொத்திக்கிட்டு இருந்தா. வலைக்கு மேல் பக்கம் மிதப்புக் கட்டை இருக்கும், கீழ் பக்கம் ஈயக்குண்டு இருக்கும். அதனாலதான் வலை தண்ணிக்குள்ள சுவர் மாதிரி நேரா நிக்கும். அவ கை ஈயக்குண்டைக் கட்டிக்கிட்டே இருந்துச்சு. சட்டுனு நின்னுச்சு.

ஈயத்தை யாரும் வலைக்குள்ள போட மாட்டாங்களே. வலையோட அடியில கட்டித்தான விடுவாங்க.

எந்திரிச்சு ஓடினா. கனம் தோணிக்குள்ள இருக்கக் கூடாது, தோணியோட ஒட்டிக்கிட்டு இருக்கணும், ஏராக்கட்டைக்கும் கீழன்னு எஸ்தாக்கிகிட்ட சொன்னா. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு எழுபத்திரெண்டு தோணியில தோணலையே ஏளான்னாரு.

அப்புறம் ஊர்ல வீடு வீடா பழைய ஈயக்குண்டு கேட்டு வாங்குனாங்க. அந்த வாரம் யாரும் பெரிய வலை போடல. மணல்ல நீளமா ஒரு பள்ளம் வெட்டினாங்க. மணல் ஈரமா இருந்தா சுடு ஈயம் தெறிக்கும், அதனால ரெண்டு நாள் வெயில்ல காய விட்டாங்க. அப்புறம் ஈயத்தை உருக்கி, புஸ்ஸுன்னு ஊத்தி, ஆறினதும் பெரிய பெரிய போல்ட்டு போட்டு ஏராக்கட்டைக்கு அடியில முடுக்கினாங்க.

இனிமே கவுழாதுன்னாரு எஸ்தாக்கி.

"அப்போ நீங்க உள்ள உக்காருங்க"ன்னா பிலோமி.

அவரு தோணியை ஒரு தடவை சுத்தி வந்து பாத்தாரு. அப்புறம் ஏறி உக்காந்தாரு. மர உச்சியில கயித்தைக் கட்டி, ஊரே சேந்து இழுத்துச்சு. தோணி சாயுது, சாயுது, மரம் தண்ணியைத் தொடுது. எஸ்தாக்கி ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு மாதாவைக் கூப்பிடுறாரு. விடுங்கன்னா பிலோமி. விட்டாங்க. விசுக்குன்னு எழுந்து, ஒரு ஆட்டம் ஆடி, நேரா நின்னுச்சு தோணி. உள்ள அவரு தொப்பலா நனைஞ்சு, இன்னொரு தடவை இழுங்கன்னு சொல்றாரு.

ம்.

மறுநாளே பிலோமி கிளம்பிட்டா. கடல்ல என்னென்ன நடந்துச்சுன்னு எனக்கு முழுசா தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன். அஞ்சாம் நாள் பெருங்காத்துல தோணி ரெண்டு தடவை படுத்துச்சு, ரெண்டு தடவையும் தானா எழுந்துச்சு. அது தெரியும்.

பதிமூணாம் நாள் தீவுக்குப் போய்ச் சேந்தா. ஒரு நாள் லேட்டு. குழந்தை முந்தின நாளே பொறந்திடுச்சு. பொம்பளப் பிள்ளை. பிலோமி வாசல்லயே நின்னுட்டா.

தெக்ளா படுத்தபடியே அவளைப் பாத்தா. கோவமும் இருந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. "அம்புட்டு தூரம் வந்தியே, என்னக்கா கொண்டு வந்த?"ன்னா.

ஒண்ணுமே கொண்டு வரலன்னா பிலோமி.

"நல்லதாப் போச்சு. கை சும்மாத்தான இருக்கு, இவளைப் பிடி. நான் ரெண்டு நாளாத் தூங்கல."

பிலோமி பிள்ளையை வாங்கிக்கிட்டா. தெக்ளா திரும்பிப் படுத்து, அடுத்த நொடி தூங்கிட்டா. அப்புறம் பிள்ளையும் தூங்கிடுச்சு. ம் சொல்லு.

...

ம் வரல. சரி, கதை கரை சேந்தாச்சு. நீயும் தூங்கு.