கஞ்சிக்கு ஒரு துண்டு

"பொன்னாண்டியை மட்டும் என்கூட அனுப்பாதீங்க, சிஸ்டரம்மா."

குடியை விட வருபவர்களுக்கு அந்த மலைமேல் ஒரு வீடு இருக்கிறது. மலைக்காரர்களே நடத்துவது. பொறுப்பு உண்ணாமலை. அந்த மலையில் முதன்முதலாக நர்சுக்குப் படித்தவர், வயது முப்பத்தைந்துதான்.

கேட்டவர் சடையன், ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடித்துக் குட்டிச்சுவராகி இங்கே வந்தார். தெளிந்தார். அடுத்தவரைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியையும் முடித்தார்.

அன்றைக்குக் கடுக்காமரத்தூரில் இரண்டாவது வீடு திறக்கிறார்கள். அதற்குச் சடையன்தான் பொறுப்பாளர்; உதவிக்கு இங்கிருந்து ஒருவரை அனுப்புவதாகப் பேச்சு. மேளம் வேறு சொல்லியிருந்தார்கள். மனுஷன் காலையிலிருந்து மூன்று தடவை தலை சீவிவிட்டார்.

"ஏண்ணே, பொன்னாண்டியண்ணன் என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணலை? நாலு மாசம் ஒழுங்கா இருப்பான், அஞ்சாம் மாசம் சாராயக்கடை வாசல்ல கிடப்பான். நேத்துகூடத் தூக்கிட்டு வந்து போட்டாங்க. அவன் வந்தா புது வீட்டுப் பேரே கெட்டுப்போயிடும்."

"சரி, அனுப்பலை."

இத்தனை சுலபமாக முடியும் என்று சடையன் நினைக்கவில்லை.

"ஜீப் வர நேரமிருக்கு," என்றார் உண்ணாமலை. "அந்தத் துண்டு வித்தையை இன்னொரு தடவை காட்டிட்டுப் போங்கண்ணே. எனக்கு இன்னும் சரியா வரலை."

சடையனுக்கு வாயெல்லாம் பல்.

குடியை நிறுத்திய முதல் நாட்களில் கை கிடுகிடுவென்று நடுங்கும். டம்ளரை எடுத்தால் கஞ்சி சட்டைக்குத்தான் போகும். துண்டின் ஒரு முனையை டம்ளரோடு சேர்த்து வலது கையில் பிடிக்க வேண்டும். துண்டைப் பிடரி வழியாகக் கொண்டுவந்து, மறுமுனையை இடது கையால் மெல்ல இழுக்க வேண்டும். டம்ளர் ஆடாமல் வாய்க்கு ஏறிவரும்.

செய்து காட்டினார்.

"இதை உங்களுக்கு யாருண்ணே சொல்லிக்கொடுத்தது?"

"என்ன சிஸ்டரம்மா, நீங்கதானே! முதல் மூணு நாள் எனக்கு எதுவும் ஞாபகமில்லை. யாரோ பின்னால உக்காந்து துண்டை இழுத்துவிட்டது மட்டும் நெஞ்சுல இருக்கு. அந்தக் கையைத் தினமும் நினைச்சுக் கும்பிடறேன்."

"நீங்க வந்த வாரம் நான் கீழே டவுன்ல இருந்தேன். எனக்கே இந்த வித்தையைக் காட்டினது வேற ஆளு."

"அப்ப யாரு?"

உண்ணாமலை அடுப்படிப் பக்கம் கையை நீட்டினார்.

அங்கே பொன்னாண்டி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டிருந்தார்கள். கழுத்தில் துண்டு, கையில் டம்ளர். இழுக்க வேண்டிய முனை இடது கையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பாதிக் கஞ்சி தரையில்.

சடையன் அடுப்படி வாசலுக்குப் போனார்.

"பொன்னாண்டி, எனக்குப் பிடிச்சது நீதானா?"

"எதை?"

"துண்டை. நான் வந்த புதுசுல."

பொன்னாண்டி யோசித்துப் பார்த்தார். "இருக்கும்ணே. வர்றவங்களுக்கெல்லாம் பிடிப்பேன். எனக்குத்தான் பிடிக்க வரமாட்டேங்குது."

சடையனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாக நன்றி சொன்னதெல்லாம் வேறு ஆளுக்கு. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பின்னால் போய் உட்கார்ந்து, நழுவிய முனையை எடுத்து மெல்ல இழுத்தார்.

பொன்னாண்டி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய்.

வெளியே ஹாரன் அடித்தது.

"சடையண்ணே, ஜீப் வந்தாச்சு," உண்ணாமலை கூப்பிட்டார். "அங்கே மேளக்காரங்க காத்திருக்காங்க."

சடையன் துண்டை விடவில்லை.

"இவன் கை நிக்க மூணு நாளாகும், சிஸ்டரம்மா. அப்புறமா ரெண்டு பேருமாப் போறோம்."