கடிதத்தில் விழுந்த பசு

தெய்வநாயகம் முப்பது வருஷம் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர். மடத்துக்கு வந்து சீடரான பிறகும் வாத்தியார் பட்டம் அவரை விடவில்லை. அவரைவிட இருபது வயது சின்னவரான குரு வடிவம்மையே அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்று காலை பாதி முகம் நுரையோடு குருவின் முன்னால் வந்து நின்றார். கையில் சவரக் கண்ணாடி, மடியில் நாலு நாளைக்கு முன் மகனிடமிருந்து வந்த கடிதம்.

"அம்மா, இங்கே வர்றவங்க என்னைப் பெரிய மனுஷன்னு கும்பிடுறாங்க. பெத்த மகனோ, 'ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் தட்டிக்கொடுத்தீங்க, என்னை ஒரு நாளும் தட்டிக்கொடுக்கலை'ன்னு எழுதியிருக்கான். அப்படியும் பேத்திக்குப் பேர் வைக்க நாளைக்கு வரச் சொல்றான். இதுல எது நிஜமான நான்? எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

"முதல்ல மிச்ச முகத்தை வழிங்க" என்று குரு சிரித்தார். "இந்தக் குழிக்கண்ணாடியில முகம் எப்படித் தெரியுது?"

"கிட்டே வச்சா பெரிசா, நேரா."

"அதை இந்தக் கடிதத்துல பிடிச்சுக் கொடுங்க."

"முடியாதும்மா. அது உள்ளே இருக்கிற மாதிரி தெரியுமே தவிர, காகிதத்துல விழாது. தூரத்துல இருக்கிறது வேணும்னா விழும்."

சொன்னவருக்கே அதைச் செய்துகாட்டும் வேலை வந்தது. இருண்ட அறைக்குள் முக்காலியில் கண்ணாடியை வாசலைப் பார்க்கச் சாய்த்துவைத்தார். கடிதத்தின் எழுதாத பக்கத்தை அதற்கு எதிரே பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினார். தூரத்து வெயிலில் கட்டியிருந்த மடத்துப் பசு, கட்டைவிரல் நீளத்துக்கு வந்து விழுந்தது. நாலு காலும் மேலே. வால்கூட ஆடியது.

குரு கடிதத்தைத் தன் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"தலைகீழா நிக்குதே. கடிதத்தைத் திருப்பினா நேராயிடுமா?"

"எப்படித் திருப்பினாலும் பசு அப்படியேதாம்மா இருக்கும்." வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்விதான். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது.

"நாலு நாளா நீங்க இந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பித்தானே பார்த்துக்கிட்டிருக்கீங்க?"

சிரிப்பு நின்றுபோயிற்று.

"பசு நேராத் தெரிய வழியே இல்லையா, வாத்தியாரே?"

"இருக்கு. பார்க்கிறவன் தலையைக் கவிழ்க்கணும்."

அறுபத்திரண்டு வயசுக் கழுத்து லேசில் வளையவில்லை. இடுப்பை ஒடித்துக் குனிந்து, தலையைச் சாய்த்து, இன்னும் சாய்த்தார். கால் தடுமாறியது. குரு மறு கையால் தோளைத் தாங்கிக்கொண்டார்.

பசு தரையில் காலூன்றி நின்றது.

வாத்தியாரின் கண்ணீர் நெற்றிப் பக்கமாக வழிந்தது. "நான் அவனைத் தட்டிக்கொடுக்கவே இல்லம்மா."

"இப்ப மெதுவா நிமிருங்க. மிச்ச முகத்துக்கு நான் கண்ணாடி பிடிக்கிறேன். பத்து மணிக்குப் பஸ் இருக்கு."