பல்லி எடுத்துக் கொடுத்த வசனம்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சைவிட நாடகப் பைத்தியம் அதிகமாக இருந்தது. ஆலமரத்தடிதான் மேடை. மந்தாரை இலைகளைத் தைத்துத் தொங்கவிட்டது திரை. அந்தத் திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு மெல்ல எடுத்துக் கொடுப்பது பல்லியின் வேலை. எல்லாருடைய வசனமும் அதற்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு சொல் பிசகினாலும் அதற்குப் பொறுக்காது.

அந்த வருட நாடகத்தில் சிங்கராஜா விஷம் குடித்துச் சாக வேண்டும். "நடிப்புக்குக்கூட நான் சாகமாட்டேன்" என்று நிஜச் சிங்கம் ஒதுங்கிக்கொண்டது. ஆகவே வேடம் முயலுக்குப் போனது. தேங்காய் நாரில் பிடரி, தலையில் பூவரசம்பூக் கிரீடம். ஒப்பனை முடிந்ததும் முயல் ஓடிவந்து பல்லியிடம்தான் முதலில் காட்டும்.

"பல்லியக்கா, ராஜா மாதிரி இருக்கேனா?"

"காதை மடக்குடா தம்பி, அப்புறம் ராஜா."

பல்லிக்கு அந்த முயல்மேல் உயிர்.

ஒத்திகையில் ஒரு தொல்லை. விஷத்துக்குப் பதில் கொட்டாங்கச்சியில் இளநீர் வைத்திருந்தார்கள். முயல் அதைக் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டியது. நாடகத்தை நடத்திய கரடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விஷம் குடிக்கிறவன் சப்புக்கொட்டுவானாடா? முகபாவம் எங்கே?"

"இனிக்குதே அண்ணே, நான் என்ன செய்ய?"

மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொண்ட குரங்கு குறுக்கே வந்தது. "என்கிட்ட விடுங்க. நாளைக்குப் பாவம் தானா வரும்."

மறுநாள் காலையிலேயே கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் சிங்கம். கடைசிக் காட்சியில் முயல் கொட்டாங்கச்சியைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்தது. முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. "அடேயப்பா!" என்றது கூட்டம். முயல் திரைப் பக்கம் திரும்பியது.

"அக்கா, உள்ளே எரியுது."

பல்லி திடுக்கிட்டது. இந்த வசனம் நாடகத்திலேயே இல்லையே! பயல் பாடத்தை மறந்துவிட்டான் என்றுதான் அது நினைத்தது.

"'மக்களே, எனக்கு வலியில்லை.' சொல்லுடா" என்று எடுத்துக் கொடுத்தது.

முயல் சொன்னதைக் கேட்கும் பிள்ளை. "மக்களே... எனக்கு வலியில்லை" என்றது. கைதட்டல் காட்டையே உலுக்கியது. முயலின் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"அக்கா, நிஜமாத்தான் சொல்றேன். நம்பு."

"'சந்தோஷமாகப் போகிறேன்.' அதைச் சொல்லு, மானம் போகுது!"

"சந்தோஷமா... போறேன்."

முயல் சாய்ந்தது. சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டியது. திரை விழுந்தது.

பல்லி இறங்கி ஓடிவந்தது. "'போகிறேன்'னு சொல்லணும், நீ 'போறேன்'னு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. நார்ப் பிடரி கழன்று கிடந்தது. மடக்கிய காதுகள் விறைத்து நின்றன. கண் திறந்தபடியே இருந்தது. கரடி கொட்டாங்கச்சியை முகர்ந்து பார்த்துவிட்டுக் குரங்கைப் பார்த்தது.

"எட்டி விதை" என்றது குரங்கு. "கசக்கட்டும்னுதான் அரைச்சேன். கொல்லும்னு தெரியாதே!"

திரைக்கு வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. பல்லி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முயலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் ஏமாந்தது சரி, அது நாடகம் பார்க்க வந்த கூட்டம். நம்பு என்று முயல் கெஞ்சியது தன்னிடம் அல்லவா? அந்த வாயிலேயே வலியில்லை என்று சொல்ல வைத்தாயிற்று. ஐயோ என்று அலற வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. "ச்சு, ச்சு" என்ற சத்தம் மட்டும் வந்தது.

அதன் பிறகு அது யாருக்கும் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. அன்று முதல்தான், வீட்டில் யாராவது மனதில் உள்ளதைச் சொல்லும்போது சுவர் மறைவிலிருந்து பல்லி "ச்சு, ச்சு" என்கிறது. நாமும் பேச்சை நிறுத்தி, "பார், பல்லியே சொல்லிவிட்டது, உண்மைதான்" என்கிறோம்.