பெருமாளின் குதிகாலை விசாரித்த தேசிங்கனார்

கிடந்தநல்லூரில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளை முழுமையாகச் சேவித்தவர் மூவுலகிலும் ஒருவரே. அவர் கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியின் தலைவர் சௌமியநாராயண ஸ்வாமி. இதை உலகுக்கு அறிவித்தவரும் சௌமியநாராயண ஸ்வாமியே. "திருமுடியிலேர்ந்து திருவடி வரைக்கும் அந்தத் திருமேனியில என் கண் படாத இடம் கிடையாது. பிரம்மாவுக்குக்கூட அந்தப் பாக்கியம் இல்லே" என்று அவர் பிரகாரத்தில் நின்று சொல்வார். பிரம்மா இதுவரை மறுத்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் நாம் சொல்லவந்த அடியவர் அவர் அல்லர். அவ்வூர்த் தர்ம ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் பெட்பேன் வைத்து எடுத்த தேசிங்கனார். 'தேசிங்கனார்' என்பது நாம் தரும் மரியாதை. ஊரார் அவரை "டேய் தேசிங்கு" என்றே அழைத்தார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவதும், நனைந்த விரிப்பை மாற்றுவதும் அவருக்கு வாய்த்த தொண்டு. ஒரு கட்டிலருகே வந்தால் முதலில் தட்டைப் பார்ப்பார், சோறு எவ்வளவு மிச்சம் என்று. பிறகு முதுகைப் பார்ப்பார். எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்துவார். விரலை எடுத்ததும் வெளுத்து, பிறகு சிவந்தால் நிம்மதி. சிவப்பு அசையாமல் நின்றால் சிஸ்டரைக் கூப்பிட ஓடுவார். குதிகால் மெத்தையில் பட்டு நோகாதபடி, கெண்டைக்காலுக்கு அடியில் பழைய வேட்டியை மடித்து வைப்பார்.

வேலைக்குப் போகுமுன் அன்றாடம் கோயிலுக்குப் போவார். கிடந்தநல்லூர்ப் பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத்தான் சேவிக்க முடியும். முதல் வாசலில் திருமுகம் தெரியும். அங்கே நின்று தேசிங்கனார், "சாப்ட்டீங்களா சாமி?" என்பார். நடு வாசலில், "இடுப்பு நோவுதா?" என்பார். திருவடி தெரியும் கடைசி வாசலில், "குதிகாலைக் கொஞ்சம் தூக்கியே வச்சுக்குங்க, பட்டுக்கினே இருந்தா புண்ணாயிடும்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடப்பார். அவர் அறிந்த வழிபாடு அவ்வளவுதான்.

ஒருநாள் ஸ்வாமி அதைக் கேட்டுவிட்டார்.

"ஏண்டா, லோகத்துக்கே படியளக்கறவன்கிட்ட போய் சாப்டாச்சான்னு கேக்கறியே, வெக்கமா இல்லே?"

"படுத்தே இருக்காரு சாமி. படுத்திருக்கிறவங்கள வேற என்னா கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

"சரிதான். நாளைக்குப் பெருமாளுக்குப் பெட்பேன் தூக்கிண்டு வந்துடாதே."

கோஷ்டி சிரித்தது. வடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்ததால் சிலருக்குப் புரையேறியது. தேசிங்கனார் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் ஸ்வாமி மடைப்பள்ளிப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்து, தாமாகப் புரளக்கூட முடியாத நிலையில், அவரைக் கொண்டுவந்து கிடத்திய இடம் தேசிங்கனாரின் வார்டு. மகன் டெல்லியிலிருந்து வந்து, பார்த்து, டெல்லிக்குப் போய்விட்டார்.

இங்கேதான் தேசிங்கனார் தவறினார். மற்றவர்களிடம் போர்வையை விலக்கிப் பார்த்தே பழகியவர், ஸ்வாமியின் கட்டிலருகே மட்டும் கைகட்டி நின்றார். ஸ்வாமி கருவறைக்குள் விளக்குப் பிடிக்கிறவர் அல்லவா. பெருமாளைக் கேட்பதுபோல எட்ட நின்றே கேட்டார். "சாப்ட்டீங்களா சாமி?" ஸ்வாமி, "ஆச்சு" என்றார். "இடுப்பு நோவுதா?" "நன்னா இருக்கு." "குதிகால்?" "அதுவும் நன்னா இருக்கு. நீ போ." தேசிங்கனார் கும்பிட்டுவிட்டுப் போனார். சிஸ்டர் வந்து கேட்டாலும், "இப்பத்தான் தேசிங்கு புரட்டிவிட்டுட்டுப் போனான்" என்று ஸ்வாமி சாதித்தார். பொய் சொல்லும்போதும் அவருக்குக் கோஷ்டிக் குரல், யாரும் சந்தேகிக்கவில்லை.

தட்டு காலியாகவே திரும்பியது. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த லாரி டிரைவர் அந்தோணிசாமிக்குத் தொப்பை வைத்தது. ஸ்வாமியின் மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றபோது அவர் அதில் நூல் சுற்றிக்கொண்டார். தேசிங்கனார் அதையும் பார்த்தார். பெரியவர்களின் ஆசாரத்தில் அதுவும் ஒன்று போலும் என்று எண்ணிக்கொண்டார்.

கடைசியில் வாடைதான் காட்டிக்கொடுத்தது. சிஸ்டர் புஷ்பலீலா போர்வையை விலக்கினார். முதுகுத்தண்டின் அடியில் தோல் உரிந்து, கொட்டைப்பாக்கு அளவுக்குக் குழி விழுந்து, விளிம்பு கறுத்திருந்தது. குதிகால்கள் இரண்டிலும் கொப்புளம். விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம் போலிருந்தது.

"தேசிங்கு, இந்தக் கட்டிலு உன் வார்டுல இல்லியா?"

"கேட்டேன் சிஸ்டர்."

"கேட்ட. பார்த்தியா?"

தேசிங்கனார் குனிந்து குழியைப் பார்த்தார்.

"இது எலும்பு வரைக்கும் போச்சுன்னா ஆளு மிஞ்ச மாட்டாரு. வயித்துக்குச் சோறு போகாம எந்த மருந்தாலயும் இதை மூட முடியாது, சொல்லிட்டேன்."

அந்தோணிசாமி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். தொப்பை மட்டும் மறையவில்லை.

மறுநாள் காலை தேசிங்கனார் முதல் வாசலில் நின்றார். வாய் வரவில்லை. கேட்டுவிட்டுப் பார்க்காமல் போகிறவனுக்குக் கேட்கிற தகுதி ஏது என்று தோன்றியது. கோஷ்டி சிரித்த அன்று வராத வெட்கம், இப்போது யாரும் சிரிக்காதபோது வந்தது. மூன்று வாசலிலும் தலைகுனிந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். பிறகும் ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

வார்டுக்கு வந்தவர் நேரே ஸ்வாமியின் கட்டிலுக்குப் போனார்.

"சாமி, இனிமே கேக்கமாட்டேன். பாப்பேன். கோச்சுக்காதீங்க."

"தொடாதேடா" என்றார் ஸ்வாமி. தேசிங்கனார் தொட்டார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் வேட்டியை மடித்து வைத்தார். ஸ்வாமி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூவுலகிலும் அவர் கண் படாத ஓர் இடம் இருந்தது. அதை இப்போது தேசிங்கனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

பருப்பும் தயிரும் பிசைந்து கொண்டுவந்தபோது ஸ்வாமி வாயைத் திறக்கவில்லை.

"உங்க மடைப்பள்ளியில ஆக்குனதுதான் சாமி. பூசை பண்ற பட்டரு குடுத்தனுப்பினாரு. ஆசாரத்துக்குக் குறையில்ல."

"ஆசாரம் இல்லேடா." ஸ்வாமி அதைச் சுவரிடம்தான் சொன்னார். "தின்னா வெளிக்கு வரும். வந்தா நீ எடுக்கணும்."

தேசிங்கனார் கையிலிருந்த உருண்டையை இன்னும் சிறிதாக உருட்டினார்.

"பெருமாளுக்கே தூக்கினு வந்துருவேன்னு சொன்னீங்க. உங்களுக்குத் தூக்கக் கூடாதா சாமி?"

ஸ்வாமியின் தோள் குலுங்கியது. சிரிப்பா என்று பார்க்க தேசிங்கனார் எட்டிப்பார்க்கவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகு வாய் திறந்தது.

"ஐயிரே, இன்னிக்கு எனக்கு இல்லியா?" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஐயரில்லே, ஐயங்கார்" என்றார் ஸ்வாமி, வாய் நிறையச் சோற்றோடு.

அன்று மாலையே ஸ்வாமி பெட்பேன் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார். தேசிங்கனார் வைத்தார், எடுத்தார், துடைத்தார். அப்படியே குழியின் விளிம்பையும் பார்த்தார். பல வாரங்கள் இது நடந்தது. குழி மெல்லத் தூர்ந்து வந்தது. கறுப்பு போய்ச் சிவப்பு வந்தது. மோதிரத்தின் நூலை ஸ்வாமி ஒருநாள் தாமே அவிழ்த்துப் போட்டார்.

தைலக்காப்பு நாள் வந்தது. கிடந்தநல்லூர்ப் பெருமாளுக்குச் சுதைத் திருமேனி. நீராட்டு இல்லை, தைலம் சாற்றுவதுதான். அன்று விளக்குப் பிடிப்பது ஸ்வாமியின் பரம்பரைக் கைங்கர்யம். எப்போதும் நிமிர்ந்து நின்று திருமுகத்துக்கு நேரே பிடிப்பார். இந்தமுறை நெடுநேரம் நிற்க முடியாததால், திருவடிப் பக்கம் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். விளக்கு தாழ்ந்தது. பெருமாளின் குதிகாலில் வெளிச்சம் விழுந்தது.

ஸ்வாமி பார்த்தார். திருவடி அரவணைமேல் படிந்திருப்பதாக அவர் வருஷக்கணக்காக ஊருக்கு வர்ணித்திருந்தார். அது படிந்திருக்கவில்லை.

"பட்டரே, குதிகாலுக்கு அடியில அந்தத் துணியை விட்டுப் பாருமேன்."

பட்டர் தைலத்துணியின் முனையை விட்டார். எங்கும் இடறாமல் மறுபக்கம் வந்தது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"நான் குனிஞ்சு பாத்ததில்லே ஸ்வாமி. உங்க கண் படாத இடம் இல்லேன்னு நீங்கதானே சொல்வேள்."

பட்டருக்குக் கேலி பேசும் வழக்கம் உண்டு. அன்று அவர் கேலியாகச் சொல்லவில்லை. துணியை இன்னொரு முறை விட்டுப் பார்த்தார்.

ஸ்வாமி கைத்தடியை ஊன்றி வெளியே வந்தார். கடைசி வாசலில் தேசிங்கனார் வழக்கம்போல் தலைகுனிந்து நின்றிருந்தார்.

"ஏண்டா இப்பல்லாம் கேக்கறதில்லே?"

"கேட்டுட்டுப் பாக்காம வுட்டவன் சாமி நானு. எந்த மூஞ்சிய வச்சுக்கினு கேக்கறது?"

"உள்ள போய் நான் பாத்தேன்." ஸ்வாமி கையால் திருவடிப் பக்கம் காட்டினார். "நீ சொன்னபடி தூக்கித்தான் வச்சிண்டிருக்கார்."

தேசிங்கனார் நிமிர்ந்து திருவடியைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாள் முழுதும் பிறருக்காக நின்று நடந்த தேசிங்கனாரின் குதிகால்கள் எந்நாளும் நோகாதிருக்கட்டும். ஸ்வாமி அவரை அப்படியே விட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றி ஊன்றி, திருமுகம் தெரியும் முதல் வாசலுக்குப் போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். கோஷ்டியில் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. கோஷ்டியில் கேட்கும் குரல் இல்லை அது, தாழ்ந்த குரல்.

"சாப்டாச்சா?" என்றார்.